சாயம் போகும்... உப்பு போகாது!



திண்டுக்கல் என்றதும் பூட்டும் சிறுமலைப் பழமும் எல்லோருக்கும் ஞாபகம் வரும். தோலை மட்டும் மறந்துவிடுவோம். நம் ஊர்த் தோலையும், ஜப்பானிலிருந்து கிளம்பிய ஒரு வெள்ளைப் பொடியின் கதையையும், வேதியியல் படித்தவன் என்ற உரிமையில் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நம் கதை. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டார்கள். 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்த பிறகு, குரோமியம் உப்பு போட்டுப் பதனிடும் முறை தமிழகமெங்கும் பெருகியது. பல குடும்பங்களுக்கு அதுவே சோறு போட்டது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கிலோ தோலுக்கு 35 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். அவ்வளவும் கழிவாகி எங்கே போகும்? ஓடைக்கும் நிலத்துக்கும்தான்!

1991ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. அதில் நம் மாவட்டமும் உண்டு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கைத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது: 467 கிணறுகளில் 350 கெட்டுப்போச்சு! பெண்களும் பிள்ளைகளும் குடிதண்ணீருக்கு மைல் கணக்கில் நடந்தார்கள். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். தோல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

இனி வெள்ளைப் பொடிக்கு வருவோம். பெயர் டைட்டானியம் டை ஆக்ஸைடு. வெள்ளை பெயிண்டில் கலப்பார்களே, அதேதான். 1967ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த அகிரா புஜிஷிமா, இதன் படிகத்தைத் தண்ணீரில் வைத்து ஒளியைப் பாய்ச்சினார். குமிழி குமிழியாக ஆக்ஸிஜன் வந்தது. ஆசிரியர் கெனிச்சி ஹோண்டாவோடு அவர் எழுதிய கட்டுரை 1972ல் 'நேச்சர்' இதழில் வெளியானது.

நடப்பது இதுதான். புற ஊதாக் கதிர் பட்டதும் பொடியில் ஒரு எலக்ட்ரான் துள்ளி எழும். இருந்த இடம் காலியாகும். அந்தக் காலி இடம் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ராக்சில் என்னும் முரட்டுத் துணுக்கை உண்டாக்கும். அது சாயம் போன்ற கரிமப் பொருட்களை உடைத்துக்கொண்டே போய், கடைசியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்கிவிடும். துள்ளிய எலக்ட்ரானுக்கும் வேலை உண்டு. விஷம் அதிகமான ஆறு இணைதிறன் குரோமியத்தை, விஷம் குறைந்த மூன்று இணைதிறனுக்கு அது இறக்கிவிடும். இதை 1979லேயே ஜப்பானியர்கள் காட்டிவிட்டார்கள்.

நம்மவர்களும் சும்மா இல்லை. 2003ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகக் குழு ஒன்று, ஆசிட் பிரவுன் 14 என்ற சாயத்தை வெயிலிலேயே சிதைத்துக் காட்டியது. அந்தச் சோதனையில் டைட்டானியத்தை விடத் துத்தநாக ஆக்ஸைடு நன்றாக வேலை செய்தது.

அப்படியானால் நம் ஊர் வெயிலுக்கு இந்தப் பொடி வரப்பிரசாதம்தானே? அங்கேதான் சிக்கல்! வெயிலில் புற ஊதாப் பங்கு சுமார் 5 சதவீதமே. கலங்கிய கழிவுநீருக்குள் ஒளி இறங்காது. நுண்பொடியைத் திரும்ப வடித்தெடுப்பதும் லேசல்ல. மூன்று இணைதிறன் குரோமியம் மறைந்துவிடாது; அதைச் சேறாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், உப்பு. கெடாமலிருக்கப் பச்சைத் தோலில் உப்பைத் தடவுகிறார்கள்; முதல் ஊறலிலேயே அது தண்ணீரோடு போய்விடுகிறது. ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சிக் கழகத்தார் திண்டுக்கல் கிணறுகளை ஆராய்ந்து 2005ல் எழுதிய கட்டுரைகளிலும் இந்த உப்புக்கரிப்பே முன்னால் நிற்கிறது. சோடியத்தையும் குளோரைடையும் உடைத்துப் போட எந்த ஒளியாலும் ஆகாது. சவ்வு வைத்து வடிகட்ட வேண்டும். அப்போதும் மிஞ்சுகிற கெட்டி உப்புநீரை என்ன செய்வது என்ற கேள்வி நிற்கும். தோலை ஊறப்போடும் முன் உப்பை உதறி எடுப்பது அதைவிட மலிவு.

ஆகவே, புராஜெக்ட் செய்யும் தம்பி தங்கைகளே! பீக்கரில் நீலச் சாயம் வெளுத்ததும் "தண்ணீர் சுத்தம்" என்று எழுதிவிடாதீர்கள். நம் லேபிலேயே சில்வர் நைட்ரேட் இருக்கிறது, பியூரெட் இருக்கிறது. சோதனைக்கு முன்பும் பின்பும் குளோரைடு பாருங்கள், குரோமியமும் பாருங்கள். சாயநீரோடு நிறுத்தாமல் ஒரு கிணற்றுத் தண்ணீரையும் எடுத்து வாருங்கள். ஒளி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று இரண்டையும் எழுதுங்கள்.

அந்த 350 கிணறுகளுக்கு நம் கல்லூரி செய்ய வேண்டிய கைம்மாறு அதுவே. வாழ்த்துக்கள்!