டோனாவூர்த் தொட்டில்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வயல்களுக்கு நடுவே ஒதுங்கியிருக்கும் ஊர் வத்திராயிருப்பு. சதுரகிரி மலைக்குச் செல்லும் அடியவர்களும், பிளவக்கல் அணையைப் பார்க்கச் செல்லும் பள்ளிப் பிள்ளைகளும் இவ்வழியே கடந்து போவர். இப்பகுதியில் பணிபுரியும் குருக்களின் இல்லத்துக்கு மே மாதக் கடைசியில் வேறொரு கூட்டம் வரும். கணவனை இழந்த பெண்களும், பெற்றோர் இல்லாத பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் பாட்டிமாரும் சேர்ந்த கூட்டம் அது. கன்னியர் நடத்தும் விடுதியில் ஓர் இடம் வாங்கித் தரவேண்டும் என்பதே அவர்களின் வேண்டுகோள்.

அப்படி வந்த பாட்டி ஒருவரை நாம் மறக்கவில்லை. பேத்திக்குப் பதினொரு வயது இருக்கும். பாட்டி கட்டணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. உணவைப் பற்றியும் கேட்கவில்லை. "ராத்திரியில பிள்ளைகளோட யாரு சாமி படுப்பாக?" என்று மட்டும் கேட்டார். "சிஸ்டர்கள் இருக்கிறார்கள், கவலைப்படாதீர்கள்" என்று உடனே சொல்லிவிட்டோம். அவர் முகத்தில் நிறைவு தெரியவில்லை. நாம் கேள்விக்கு விடை சொல்லவில்லை, ஆறுதல் மட்டுமே சொன்னோம் என்பது அவர் போன பிறகுதான் நமக்கு உறைத்தது. அந்தக் கேள்வியே நம்மை ஒரு பழைய வரலாற்றுக்குள் அழைத்துச் சென்றது.

இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் வத்திராயிருப்பும் திருவில்லிப்புத்தூரும் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. இதே மலையின் அடிவாரத்தைப் பற்றிக்கொண்டு தெற்கே இராசபாளையம், சிவகிரி, புளியங்குடி, தென்காசி, அம்பாசமுத்திரம் எனக் கடந்து களக்காட்டுக்கும் அப்பால் போனால் டோனாவூர் வரும். அவ்வூரின் பெயரிலேயே அயல்நாடு ஒன்று ஒளிந்திருக்கிறது. 1820களில் அங்கே ஆலயம் எழுப்பப் பொருளுதவி செய்த டோனா பிரபு என்னும் ஜெர்மானியரின் நினைவாக, இரேனியஸ் ஐயர் இட்ட பெயர் அது. அவ்வூரை உலகம் அறியச் செய்தவர் அயர்லாந்தில் 1867-ஆம் ஆண்டு பிறந்து, 1895-இல் இந்தியா வந்து, 1951-இல் டோனாவூரிலேயே கண்மூடிய ஏமி கார்மைக்கேல் அம்மையார். வந்த நாள் முதல் இறக்கும் நாள் வரை ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் தாயகம் திரும்பவில்லை.

அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். கத்தோலிக்க ஏட்டில் அவரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். பிற சபையாரிடம் விளங்கும் நற்பண்புகளையும், கிறித்துவுக்காக அவர்கள் பகர்ந்த சான்றையும் மகிழ்ச்சியோடு ஏற்று மதிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டின் ஒன்றிப்பு ஏட்டில் நமக்குச் சொல்லியாயிற்று. இன்னும் எத்தனை ஆண்டுகள் தயங்குவது?

அம்மையார் குழந்தைகள் இல்லம் நடத்தவென்று வந்தவர் அல்லர். வாக்கர் ஐயரின் வழிகாட்டுதலில் தமிழ் கற்று, தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று நற்செய்தி சொல்வதே அவருடைய பணியாக இருந்தது. 1901-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அது மாறியது. அப்போது அவர் பண்ணைவிளையில் தங்கியிருந்தார். அருகிலிருந்த ஊரில் கோயில் தாசியர் வீட்டில் வளர்க்கப்பட்ட பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி, ஒரு மாலைப் பொழுதில் அங்கிருந்து தப்பி ஓடிவந்தாள். முன்பு ஒருமுறை அவள் தூத்துக்குடியிலிருந்த தன் தாயைத் தேடி ஓடியிருக்கிறாள். பின்தொடர்ந்து வந்தவர்களுக்கு அஞ்சிய தாய், மகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தப்பியதற்குத் தண்டனையாகச் சிறுமியின் கைகளில் சூடு போட்டார்கள். இரண்டாம் முறை ஓடியபோது அவள் தாயிடம் போகவில்லை. ஆலயத்தின் அருகே நின்றவளைக் கண்ட ஒரு கிறித்தவப் பெண், மறுநாள் காலை அம்மையாரிடம் அழைத்து வந்தார். குழந்தை நேராக வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டது.

தேவதாசி முறை பற்றி இங்கே ஒரு சொல். தலைமுறை தலைமுறையாக ஆடலையும் இசையையும் காத்துவந்தவர்கள் அம்மரபினர். பாலசரஸ்வதியும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் அம்மரபில் தோன்றியவர்களே. அவர்கள் அனைவரையும் ஒரே சாயத்தில் தோய்த்து எழுதியது அக்கால மறைபணியாளர் பலரின் குறை. எனினும், தன் விருப்பம் இன்னதென்று சொல்லத் தெரியாத வயதில் ஒரு பெண் குழந்தையைப் பொட்டுக்கட்டி விடுவதையும், அதற்காகக் கைக்குழந்தைகளை விலைக்கு வாங்குவதையும் எந்தக் கலையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. கண்டெடுத்த பெண் மகவை நெஞ்சோடு அணைத்து வளர்க்கும் அன்பும் இந்த மண்ணுக்கு அயலானதன்று. துளசிச் செடியின் அடியில் கிடைத்த குழந்தையைத் தம் மகளாக வளர்த்த பெரியாழ்வாரின் கதையைத் திருவில்லிப்புத்தூரில் சமய வேறுபாடின்றி எல்லாரும் அறிவர்.

பிரீனா சொன்னவற்றைக் கேட்டபின் அம்மையாரால் வழக்கமான பணிக்குத் திரும்ப இயலவில்லை. ஆயினும், முதல் கைக்குழந்தை அவரிடம் வந்து சேர்ந்தது 1904-இல்தான். இடைப்பட்ட காலத்தில் 1903-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல், இந்தியாவின் நிலையை ஒப்பனையின்றி எழுதியதால், அதில் கூறியவை மெய்தானா என்று அவர் தாயகத்திலேயே ஐயுற்றார்கள். மெய்தான் என்று பிற மறைபணியாளர்கள் எழுதிய மடல்களைப் பின்வந்த பதிப்பில் சேர்க்க வேண்டியதாயிற்று.

இனி நாம் சொல்லப்போவதே இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி. பச்சிளங் குழந்தைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியபோது அவர்களை வளர்ப்பது யார்? பால் புகட்டுவதும், துணி அலசுவதும், மலஜலம் துடைப்பதும், இரவெல்லாம் விழித்திருப்பதும் மேல்சாதியினர் செய்யத்தக்க வேலைகளாக அன்று கருதப்படவில்லை. மனம் மாறித் திருமுழுக்குப் பெற்ற பின்னும் அந்த எண்ணம் மாறவில்லை. நற்செய்தி சொல்ல வருவோம், ஆயா வேலை பார்க்க வரமாட்டோம் என்ற மனநிலை நல்ல கிறித்தவப் பெண்களிடமும் இருந்தது. குறை சொல்ல வேண்டாம். நம் பங்குகளில் இன்றும் வாசகம் வாசிக்கப் போட்டி நடக்கும், ஆலயம் பெருக்க ஆள் கிடைக்காது. அம்மையாருக்கே அந்தக் கலக்கம் இருந்தது. பிள்ளை தாயின் காலைக் கட்டிப்போடும் என்ற தமிழ் வழக்கு அவருக்குத் தெரியும். ஊர் ஊராகச் சென்று போதிக்கக்கூடியவர், தொட்டில் ஆட்டிக்கொண்டு இருந்துவிடலாமா? இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடரின் பாதங்களைக் கழுவிய ஆண்டவரின் காட்சியே அவருக்கு விடையாயிற்று.

அந்த விடையை வாழ்ந்து காட்டியவர் பொன்னம்மாள் என்ற தமிழ்ப் பெண். இளவயதிலேயே கைம்பெண்ணாகி மாமியார் வீட்டில் முடங்கிக் கிடந்தவர். அம்மையாரின் குழுவில் சேர்ந்து நற்செய்தி சொல்வதில் வல்லவராக விளங்கினார். அவரே தொட்டில்களின் பக்கம் திரும்பினார். மருத்துவ உதவி அருகில் இருக்க வேண்டும் என்பதற்காக, அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில், இலண்டன் மிஷன் மருத்துவமனையை ஒட்டிக் குழந்தைகளை வைத்திருந்தார்கள். பொறுப்பு பொன்னம்மாளுடையது. வயிற்றுக்கடுப்பு நோய் பரவிப் பத்துக் குழந்தைகள் இறந்தன. மாற்றுப்பால் பற்றியும் நோய்த்தடுப்பு பற்றியும் இன்றுள்ள அறிவு இல்லாத காலம் அது. பத்துச் சிறு உடல்களை மண்ணுக்குக் கொடுத்த அந்தப் பெண், மறுநாள் எஞ்சிய குழந்தைகளுக்குப் பால் காய்ச்ச எழுந்திருக்க வேண்டும். அவர் எழுந்தார். 1915-இல் புற்றுநோயால் இறக்கும் வரை அந்தப் பணியை அவர் விடவில்லை. ஏமி அம்மையாரின் பெயரை அறிந்தவர்கள் ஆயிரம் பேர் என்றால், பொன்னம்மாளின் பெயரை அறிந்தவர் பத்துப்பேர் இருப்பது அரிது. அம்மையார் அவரைப் பற்றித் தனி நூலே எழுதியிருந்தும் இந்த நிலை.

1916-ஆம் ஆண்டு டோனாவூரில் ஏழு இந்தியப் பெண்களைக் கொண்டு ஒரு சிறு குழு உருவாயிற்று. அதற்கு அம்மையார் தேர்ந்த பெயர் 'பொதுவாழ்வுச் சகோதரிகள்'. கத்தோலிக்க வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நிற்கலாம். பதினான்காம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் ஜெரார்டு குரூட் தொடங்கிய பொதுவாழ்வுச் சகோதரர் குழுவின் பெயரைத் தழுவியதே இது. கிறிஸ்துநாதர் அனுசாரம் என்று நம் முன்னோர் கையில் வைத்து வாசித்த நூலின் ஆசிரியர் தாமஸ் கெம்பிஸ், அந்தச் சகோதரர்களின் பள்ளியில் பயின்றவர். மடத்துச் சுவர்களுக்குள் ஊறிய செபவாழ்வு, நூற்றாண்டுகளும் சபை எல்லைகளும் கடந்து, களக்காட்டு மலையடியில் குழந்தைகளின் துணி அலசும் பெண்களுக்குத் துணையாக வந்தது. உழைப்பு வேறு, செபம் வேறு என்று அவர்கள் பிரிக்கவில்லை. திருமணத்தைத் துறந்து, ஊதியமின்றிப் பிள்ளைகளோடு வாழ்வதே அவர்களின் வாழ்வு. வெளியாரிடம் பணம் கேட்பதில்லை என்பது அந்த இல்லத்தின் நெறி.

இவ்வரலாற்றில் நம்மை நெருடும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. முத்தம்மாள் என்ற சிறுமி டோனாவூரில் அடைக்கலம் புகுந்தாள். தாய் அவளைத் திரும்பக் கேட்டார். வழக்கு நடந்து, சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1911-இல் தீர்ப்பாயிற்று. ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முன்பே சிறுமி மறைந்துவிட்டாள். ஆண்பிள்ளை வேடத்தில் வெளியேற்றப்பட்டு, கொழும்பு வழியாகச் சீனாவுக்கு அனுப்பப்பட்டாள். சில ஆண்டுகள் கழித்து, டோனாவூர்க் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளைஞரை மணந்தாள். கடத்தல் வழக்கில் சிறை செல்ல நேரலாம் என்பதை அம்மையார் அறிந்தே இருந்தார்.

இதைச் சரி என்பதா, தவறு என்பதா? விடுதலைப் பயண நூலில் சிப்ரா, பூவா என்னும் மருத்துவப் பெண்கள் பார்வோனின் கட்டளையை மீறிக் குழந்தைகளைக் காத்தனர். இறைவன் அவர்களுக்கு நன்மை செய்தார். ஆனால் அங்கே அவர்கள் குழந்தைகளைத் தாயரின் கையில் விட்டுவைத்தார்கள். இங்கே தாயிடமிருந்தே ஒரு பிள்ளை மறைக்கப்பட்டாள். அந்தச் சிறுமியின் அச்சம் மெய்யானது என்றே நாம் நம்புகிறோம். அவளை அனுப்பியவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அதே வேளையில், பிறர் பிள்ளையை மறைக்க இறைவனே தூண்டினார் என்று ஒவ்வொருவரும் புறப்பட்டால் என்னவாகும் என்ற அச்சமும் நம்மை விடவில்லை.

அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. அம்மையார் பிறந்த அதே அயர்லாந்துத் தீவில், பெண்களைக் காப்பதற்கென்றே மகதலா இல்லங்கள் பல இருந்தன. அவற்றில் நம் கன்னியர் சபைகள் நடத்தியவை பல. அங்கே சேர்க்கப்பட்ட பெண்கள் பூட்டிய கதவுகளுக்குள் ஊதியமின்றிச் சலவை வேலை செய்தார்கள். கடைசிச் சலவை இல்லம் 1996-இல்தான் மூடப்பட்டது. 2013-இல் அந்நாட்டுப் பிரதமர் நாட்டின் சார்பில் அப்பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார். அங்கும் சிலுவை இருந்தது, செபமாலை இருந்தது, காலைத் திருப்பலி இருந்தது. இதை நம் ஏட்டில் எழுதக் கை நடுங்குகிறது. எழுதாமல் டோனாவூரை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவது நேர்மையாகாது.

டோனாவூரில் தொட்டில்கள் ஆடத் தொடங்கிப் பல ஆண்டுகள் சென்ற பிறகே சட்டம் வந்தது. அதற்கு முன்னின்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தாயார் தேவதாசி மரபைச் சேர்ந்தவர். 1927 முதல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் அவர் வாதாடினார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை விட்டு வெளியேறி 1930-இல் தம் வீட்டுக் கதவைத் தட்டிய பெண் பிள்ளைகளை எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ள முன்வராதபோது, அவர் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. அம்மரபிலேயே வளர்ந்து அதற்கு எதிராகப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரையும் இங்கே மறத்தலாகாது. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல் நிறைவேறியது. சமயம் வேறாயினும், இரவில் தட்டிய கதவைத் திறந்த கைகள் ஒரே வகையானவை.

1931-இல் ஒரு குழியில் தவறி விழுந்த ஏமி அம்மையார், அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தம் அறையிலேயே படுக்கையில் கழித்தார். அவரால் தொட்டில் பக்கம் போக இயலாத அந்த இருபது ஆண்டுகளிலும் இல்லம் தடையின்றி நடந்தது. நடத்தியவர்கள், அங்கேயே குழந்தைகளாக வந்து வளர்ந்த பெண்களும் அவர்களோடு வாழ்ந்த சகோதரிகளும். தம் கல்லறையின் மேல் கல் எதுவும் வேண்டாம் என்று அம்மையார் சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை அங்கே வைத்து, தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லை அதில் பொறித்தார்கள்.

இப்போது நிலைமை வேறு. 2012-இல் போக்சோ சட்டமும், 2015-இல் புதிய சிறார் நீதிச் சட்டமும் வந்துவிட்டன. பதிவு பெறாமல் எவரும் குழந்தைகள் இல்லம் நடத்த இயலாது. குழந்தைகள் நலக் குழுவின் ஆணையின்றி ஆதரவற்ற பிள்ளையை வைத்துக்கொள்ள இயலாது. படிவங்கள் மிகுந்துவிட்டன என்று நம் துறவியர் சிலர் சலித்துக்கொள்வதைக் கேட்கிறோம். அயர்லாந்தில் அத்தகைய படிவம் ஒன்றையாவது யாராவது நேர்மையாக நிரப்பியிருந்தால் என்று நமக்குத் தோன்றுகிறது.

இவ்வளவையும் வாசித்து முடித்த அன்று மாலை, அந்தப் பேத்தியைச் சேர்க்கவிருந்த விடுதியின் தலைமைச் சகோதரியைத் தொலைபேசியில் அழைத்தோம். இரவில் பிள்ளைகளோடு யார் படுக்கிறார் என்று கேட்டோம். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு அவர், "ஏன் சாமி, யாராவது ஏதாவது சொன்னார்களா?" என்றார். "இல்லை சிஸ்டர், ஒரு பாட்டி கேட்டார். அவருக்குச் சொல்ல வேண்டும்" என்றோம். பிள்ளைகளின் கூடத்துக்கு அடுத்த அறையில் ஒரு சகோதரி படுப்பதாகவும், கதவை மூடிவைப்பது வழக்கம் என்றும் சொன்னார். "திறந்து வைக்கலாமே?" என்றோம். "வைக்கிறோம் சாமி" என்றார். மறுநாள் பாட்டியின் வீட்டுக்கு நாமே நடந்து சென்றோம்.