புயத்தில் ஒரு தழும்பு

கல்லடிப் பாலத்தடியில் விடியற்காலையில் வாவிக்குள் இறங்கி வலை வீசுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வீசக் கை உயரும்போது இடது புயத்தில் ஒரு தழும்பு தெரியும். பயறளவில், நடுவே சற்றுக் குழிந்திருக்கும். பிறந்த பிள்ளை ஆஸ்பத்திரியை விட்டு வீடு வருமுன் போடுகிற பீ.சீ.ஜி. ஊசியின் அடையாளம் அது. பிறகு கிளினிக்கில் மருத்துவமாது பிள்ளையின் சட்டைக் கையை விலக்கித் தேடுவதும் அதைத்தான். காசநோயைத் தடுக்க 1949இல் இலங்கைக்கு வந்த அந்த ஊசிக்குள் இருப்பது உயிருள்ள கிருமி. அதே கிருமி புற்றுநோய்க்கும் மருந்தான கதை இது.

1908இல் பிரான்சின் லீல் நகரில் கல்மெத், கெரான் என்ற இருவர், மாட்டுக் காசநோய்க் கிருமியை மாட்டுப் பித்தம் சேர்த்து அவித்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்க்கத் தொடங்கினார்கள். மூன்று வாரத்துக்கொரு முறை புதுத் துண்டுக்கு மாற்றினார்கள். 13 ஆண்டுகள், 230 முறை! இடையில் போர் வந்து ஜேர்மன் படை ஊரைப் பிடித்துக்கொண்டபோதும் அவர்கள் விடவில்லை. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. இப்படி வலுவிழந்த கிருமிதான் பீ.சீ.ஜி.; நோயுண்டாக்கும் மரபணுத் துண்டொன்று அதனிடமிருந்து உதிர்ந்துபோயிருந்தது பல பத்தாண்டுகள் கழித்தே தெரிந்தது.

1976இல் கனடாவின் அல்வாரோ மொராலெஸ், சிறுநீர்ப்பையின் உட்சுவரில் புற்று வந்த 9 பேருக்கு இந்தக் கிருமியைக் குழாய்வழி செலுத்திய முடிவுகளை வெளியிட்டார். வாரத்துக்கு ஒன்றாக ஆறு வாரம். ஏன் ஆறு? மருந்துப் பெட்டியில் ஆறு குப்பிகள் இருந்தன, அவ்வளவுதான். இன்றும் அதே கணக்குத்தான். கிருமியைத் துரத்தத் திரண்டு வரும் நோயெதிர்ப்பு அணுக்கள் புற்றையும் சேர்த்துத் தாக்குகின்றன. தசைக்குள் இறங்கிவிட்ட புற்றுக்கு இது உதவாது.

மேலோட்டமான புற்றிலும் சிலருக்கு அது திரும்ப வந்துவிடும். ஜேர்மனியில் ஸ்டெஃபான் கௌஃப்மன் குழு கிருமியின் மரபணுவிலேயே கை வைத்தது. நம் நோயெதிர்ப்பு அணு விழுங்கிய பீ.சீ.ஜி., ஒரு சிறு பைக்குள் அடைபட்டே கிடக்கும். சவ்வைத் துளைக்கும் புரதத்தின் மரபணுவை லிஸ்டீரியா என்ற வேறொரு கிருமியிடமிருந்து எடுத்து அதில் சேர்த்தார்கள். பை பொத்துக் கிருமியின் கூறுகள் வெளியே கசிய, நோயெதிர்ப்பு உக்கிரமாகிறது. வி.பி.எம். 1002 என்று அதற்குப் பெயர். புனேயின் சீரம் நிறுவனம் அதற்கு உரிமம் பெற்றிருக்கிறது.

சுவிட்சர்லாந்திலும் ஜேர்மனியிலும், பழைய பீ.சீ.ஜி. கைவிட்ட 40 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 60 வாரம் கழித்தும் ஏறக்குறையப் பாதிப்பேரின் சிறுநீர்ப்பையில் புற்று திரும்பவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு வைத்தியர்கள் வழக்கமாகச் சொல்லும் அடுத்த வழி, சிறுநீர்ப்பையையே அறுத்து எடுத்துவிடுவது.