கடைமடைக்காரன் எழுதிய வரலாறு

யூப்ரடீஸ், டைகிரிஸ் இரண்டிலும் வெள்ளம் வருவது சித்திரை, வைகாசியில். இன்றைய துருக்கியின் கிழக்கு மலைகளில் உருகிய பனி, தெற்கு இராக்கின் சமவெளிக்கு வந்து சேரும் நேரம் அது. அப்போது அங்கே வாற்கோதுமை முற்றி அறுவடைக்கு நிற்கும். விதைக்கிற ஐப்பசி, கார்த்திகையில் ஆறு அடியில் கிடக்கும். கதிர் அறுக்கப் போகும்போது கரை புரளும். எகிப்தின் நைல் ஆவணி, புரட்டாசியில் பெருகி, வண்டலைப் பரப்பிவிட்டு, விதைப்புக்கு நேரம் பார்த்து வடிந்துகொடுத்தது. தெற்கு இராக்கின் சமவெளியில் வாழ்ந்த சுமேரியர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

நதி நாகரிகத்தின் தொட்டில் என்று பள்ளியில் படித்தோம். சுமேரியாவின் கதையைக் கூர்ந்து படிக்கும்போதெல்லாம் அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. அவர்களை வளர்த்தது ஆற்றின் கருணை மட்டுமல்ல, அதன் காலம் தப்பிய குணமும்தான்.

ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூட உறுதியில்லாத பூமி. மானாவாரியாக எதுவும் விளையாது. கட்டடத்துக்குக் கல் இல்லை, நல்ல மரம் இல்லை, உலோகம் இல்லை. இருந்ததெல்லாம் தண்ணீர், களிமண், நாணல். நாணலைச் சீவி ஈரக் களிமண்ணில் அழுத்தினார்கள், எழுத்து பிறந்தது. ஊருக் நகரத்தில் கிடைத்த, கி.மு. 3200ஐ ஒட்டிய பலகைகளில் மிகப் பெரும்பகுதி வரவு செலவுக் கணக்குதான். எவ்வளவு வாற்கோதுமை வந்தது, யாருக்கு எவ்வளவு படி அளந்தார்கள், பீர் காய்ச்ச எவ்வளவு போனது என்ற விவரங்கள். கவிதையும் காவியமும் வெகுகாலம் கழித்துத்தான் வந்தன.

அந்தச் சமவெளியில் ஆறு வண்டலைத் தன் படுகையிலேயே போட்டுப் போட்டு, சுற்றியுள்ள நிலத்தைவிட உயரத்தில் ஓடும். கரையில் ஓரிடத்தில் வெட்டிவிட்டால் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும். அதே காரணத்தால், கரை தானாக உடைந்தால் ஊரே போகும். வாய்க்காலிலும் வண்டல் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டுதோறும் தூர் வாரியாக வேண்டும். இது ஒரு குடும்பம் செய்து முடிக்கிற வேலையில்லை. ஆள் திரட்ட வேண்டும், முறை வைக்க வேண்டும், வேலைக்கு வந்தவனுக்குக் கூலி அளக்க வேண்டும். இதை வைத்துத்தான் 1957இல் காரல் விட்ஃபோகல் என்ற அறிஞர், பெரிய பாசனமே சர்வாதிகார அரசுகளைப் பெற்றெடுத்தது என்று வாதிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ராபர்ட் ஆடம்ஸ் என்ற தொல்லியலாளர் தெற்கு இராக்கில் பழைய வாய்க்கால் தடங்களையும் ஊர்மேடுகளையும் தேடித் தேடிப் பதிவு செய்தார். ஆரம்ப கால வாய்க்கால்கள் சிறியவை, அந்தந்த ஊராரே பார்த்துக்கொள்ளக்கூடியவை என்பதை அந்த ஆய்வு காட்டியது. நகரங்கள் எழுந்த பிறகுதான் நீண்ட வாய்க்கால்கள் வந்தன.

வாய்க்கால் நீண்டபோது தலைமடை, கடைமடை என்ற பேதமும் வந்தது. சண்டை அங்கே தொடங்குகிறது.

1877இல் எர்னஸ்ட் டி சர்செக் என்ற பிரெஞ்சுத் தூதரக அதிகாரி, தெற்கு இராக்கில் தெல்லோ என்ற மேட்டைத் தோண்ட ஆரம்பித்தார். அது லகாஷ் அரசின் புனித நகரமான கிர்சு. அங்கே கிடைத்த கல்லும் களிமண்ணும் ஒரு பக்கத்து ஊர்த் தகராறைச் சொல்லின. மேலே தலைமடையில் உம்மா, கீழே லகாஷ். நடுவில் குயெதின்னா என்ற செழிப்பான வயல்வெளி. யாருக்கு அது? எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எல்லைத் தகராறு இதுதான்.

முதலில் கிஷ் நகர மன்னன் மெசிலிம் நடுவனாக வந்து, கயிறு பிடித்து அளந்து, எல்லைக்கல் நட்டான். உம்மாவின் தலைவன் ஒருவன் அந்தக் கல்லைப் பிடுங்கி எறிந்தான். கி.மு. 2450 வாக்கில் லகாஷின் ஈயன்னாதும் படையெடுத்து வென்றான். அந்த வெற்றியைச் செதுக்கிய கல்தான் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் துண்டு துண்டாக நிற்கும் 'கழுகுகளின் கல்'. ஒரு பக்கம் கேடயமும் ஈட்டியுமாக நெருங்கி நடக்கும் வீரர்கள்; மேலே மனிதத் தலைகளைக் கவ்விப் பறக்கும் பிணந்தின்னிக் கழுகுகள். மறுபக்கம் நின்கிர்சு தெய்வம் எதிரிகளை ஒரு பெரிய வலையில் அள்ளிப் பிடித்திருக்கிறது. வலை ஆற்றங்கரை மனிதனின் கருவி; தெய்வத்தின் கையிலும் அதையே கொடுத்திருக்கிறார்கள்.

ஈயன்னாதும் எல்லையில் வாய்க்கால் வெட்டினான். உம்மாக்காரர்கள் அந்த நிலத்தில் ஒரு பகுதியை உழலாம், பதிலுக்கு வாற்கோதுமை கொடுக்க வேண்டும், பாக்கி வைத்தால் வட்டி என்று ஏற்பாடு. வட்டிக்கு வட்டி ஏறி, எந்த நாடும் கட்ட முடியாத தொகையாக அது வீங்கியது. கட்டாத உம்மா, எல்லை வாய்க்காலின் தண்ணீரைத் திருப்பியது. எல்லைக்கற்களுக்குத் தீ வைத்தது. தலைமடையில் இருப்பவனுக்கு வாளைவிட மண்வெட்டி பெரிய ஆயுதம். தண்ணீர் முறைக்காக இரவெல்லாம் வரப்பில் காத்திருந்த எவருக்கும் லகாஷின் ஆத்திரத்தை விளக்க வேண்டியதில்லை.

மறுபடி போர். ஈயன்னாதுமின் தம்பி மகன் என்டெமெனா வென்றான். தோற்ற உம்மா மன்னன் தன் கழுதைப் பூட்டுகள் அறுபதை வாய்க்கால் கரையிலேயே விட்டுவிட்டு ஓடினான் என்று என்டெமெனாவின் களிமண் கூம்பு சொல்கிறது. இந்தக் கூம்பைத்தான் நான் வரலாற்று எழுத்தின் தொடக்கங்களில் ஒன்றாக வைப்பேன். மெசிலிமின் கல்லில் தொடங்கி, நூறு ஆண்டுகளுக்கும் மேலான சச்சரவை யார் என்ன செய்தான், அதற்கு யார் என்ன பதில் செய்தான் என்று வரிசையாகச் சொல்கிறது. ஒரு தரப்பின் கதைதான், சந்தேகமில்லை. ஆனால் கடைமடைக்காரன் தன் நியாயத்தை நிறுவப் பழையதைக் கோவையாகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தேவை நமக்கு ஒரு வரலாற்றைத் தந்துவிட்டது.

சட்டத்துக்கும் இதே வழிதான். கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹமுராபியின் சட்டக்கல்லில் கரைக்கும் மடைக்கும் தனி விதிகள் உண்டு. தன் கரையைப் பலப்படுத்தாமல் சோம்பி இருந்தவனால் அயலான் பயிர் மூழ்கினால், அந்தத் தானியத்தை அவன் ஈடு கட்ட வேண்டும். முடியாவிட்டால் அவனையும் அவன் உடைமைகளையும் விற்று, பயிர் இழந்தவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். கரை காப்பது அவ்வளவு உயிரான கடமையாக இருந்தது.

மீண்டும் லகாஷுக்கு வருவோம். என்டெமெனா இன்னொன்றும் செய்தான். உம்மாவின் தயவே வேண்டாம் என்று டைகிரிஸிலிருந்து நேராக ஒரு வாய்க்கால் கொண்டுவந்தான். கடைமடைக்குத் தண்ணீர் தாராளமாக வந்தது. வடிகால் இல்லாத சமவெளியில் அந்தத் தாராளம்தான் வினையாயிற்று. தண்ணீர் கீழே ஊறி, நிலத்தடி நீர் மட்டம் ஏறி, வெயிலில் ஆவியாகி, மேலே உப்பை விட்டுச் சென்றது. வயல்கள் உவர் பூத்தன. தோர்கில்ட் ஜேக்கப்சனும் ஆடம்ஸும் 1958இல் கோயில் கணக்குப் பலகைகளை வைத்து இதைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு ஹெக்டேருக்கு கி.மு. 2400 வாக்கில் 2,537 லிட்டராக இருந்த விளைச்சல், கி.மு. 2100இல் 1,460 ஆகவும், கி.மு. 1700இல் 897 ஆகவும் இறங்கியதாக அவர்கள் கணக்கிட்டார்கள். இந்த எண்களைப் பின்னர் சிலர் மறுத்திருக்கிறார்கள். ஆனால் உப்பு ஏறியது பற்றிப் பலகைகளிலேயே குறிப்பு இருக்கிறது. கோதுமை உப்பைத் தாங்காது, வாற்கோதுமை ஓரளவு தாங்கும். ஒருகாலத்தில் கிட்டத்தட்ட சரிபாதியாக விளைந்த கோதுமை, கி.மு. 2100இல் நூற்றுக்கு இரண்டு பங்கு. கி.மு. 1700இல் அந்தத் தெற்குச் சமவெளியில் கோதுமையே விதைக்கவில்லை.