தற்செயலின் வேலை: ‘லாண்டானா’வில் சந்தேகமும் மணவாழ்வும்

ரே லாரன்ஸ் இயக்கி 2001இல் வெளிவந்த ஆஸ்திரேலியப் படம் ‘லாண்டானா’. துப்பறியும் அதிகாரி லியோன், நடன வகுப்பில் அறிமுகமான ஜேனுடன் உறவு கொள்கிறார். அவருடைய மனைவி சோன்யா கணவருக்குத் தெரியாமல் மனநல மருத்துவர் வேலரியிடம் போய்வருகிறார். வேலரி காணாமல் போனதும் வழக்கு லியோனிடமே வருகிறது. சாட்சியாக முன்வருபவரோ ஜேன். சிட்னி போன்ற பெருநகரில் இப்படி நடக்குமா என்று கேட்டால், நடக்காதுதான். ஆனால் இதைத் திரைக்கதையின் சோம்பல் என்று ஒதுக்குவதற்கு முன், இந்தத் தற்செயல்கள் படத்தில் என்ன வேலை செய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

படத்தின் மூலம் ஆண்ட்ரூ போவெலின் ‘ஸ்பீக்கிங் இன் டங்ஸ்’ (1996) என்ற நாடகம், திரைக்கதையும் அவருடையதே. மேடையில் நான்கு நடிகர்கள் ஒன்பது பாத்திரங்களை ஏற்கிறார்கள். வெவ்வேறு அறைகளில் இருக்கும் இரண்டு இணைகள் ஒரே நேரத்தில் ஒரே சொற்களைப் பேசுகின்றன. ஒருவர் செய்யும் துரோகம் மற்றவருடையதன் மறுபதிப்பு என்பதை அங்கே நடிகரின் உடலும் குரலுமே காட்டிவிடுகின்றன. திரையில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி முகம் வந்துவிடுவதால், அறுந்துபோன அந்தப் பிணைப்பை நிகழ்வுகள்தாம் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. ஆல்ட்மனின் ‘ஷார்ட் கட்ஸ்’ (1993) நிலநடுக்கத்தாலும், ஆண்டர்சனின் ‘மக்னோலியா’ (1999) தவளை மழையாலும் தம் மாந்தரை ஒன்றுசேர்த்தன. லாரன்ஸ் மண்ணையும் வானையும் துணைக்கு அழைக்கவில்லை. அவருடைய மாந்தரைக் கோப்பது சந்தேகம். தன்னிடம் வரும் பேட்ரிக்கின் ரகசியக் காதலர் தன் கணவர் ஜான்தானோ என்று வேலரி ஐயுறுகிறார். இரவில் கார் நின்றுபோய் அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கிறார். வீட்டிலிருந்தும் ஜான் எடுப்பதில்லை. வழியில் ஏற்றிக்கொண்ட நிக் குறுக்குவழியில் வண்டியைத் திருப்பியதும், பயந்து குதித்து ஓடி, விழுந்து இறக்கிறார். மகளைக் கொலைக்குப் பறிகொடுத்தவரின் அச்சத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் நடந்தது கொலையல்ல. ஜானைக் குற்றவாளியாகவே பார்க்கும் லியோனும் தன் குற்றவுணர்வைத்தான் அவர்மேல் ஏற்றுகிறார்.

கணவன் சொன்னதாலேயே அவனை நம்பும் நிக்கின் மனைவி பவுலாவைப் பற்றி இன்னொரு மறுப்பு எழலாம்: பணமில்லாத வீட்டில்தான் நம்பிக்கை வாழ்கிறது என்பது நடுத்தர வர்க்கத்தின் கற்பனை அல்லவா? ஓரளவு உண்மை, நிக்–பவுலா இணையின் மனத்துக்குள் படம் அதிகம் நுழைவதில்லை. ஆயினும் பவுலாவை ஜேனுக்கு எதிரே நிறுத்திப் பார்த்தால் அவள் வெறும் இலட்சிய மனைவியாக நின்றுவிடுவதில்லை. நிக் ஒரு பெண்ணின் காலணியைப் புதரில் வீசியதை ஜேன் கண்ணால் கண்டாள். கண்டது சரி, முடிவு தவறு. பவுலா எதையும் காணவில்லை; அவள் முடிவு சரி. சாட்சியத்தின்மேல் கட்டப்பட்ட துப்பறியும் கதை, தன் அடித்தளத்தையே இங்கே கேள்விக்குள்ளாக்குகிறது.

தற்செயல் மிகுதி என்ற குறைக்கும் படத்திலேயே பதில் உண்டு. பேட்ரிக்கின் காதலர் ஜான்தான் என்று வேலரியோடு சேர்ந்து பார்வையாளராகிய நாமும் நம்பத் தொடங்குகிறோம். எல்லா இழைகளையும் ஒரே முடிச்சில் கட்டிவிடக்கூடிய தற்செயல் அது ஒன்றுதான். இறுதியில் பேட்ரிக் தொலைவிலிருந்து பார்த்து நிற்கும் அந்தக் குடும்பத்தலைவர் வேறு யாரோ.