நாகமலை அடிவாரத்து நுண்ணுயிர்

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் சிறிது தொலைவு சென்றால், நாகமலையின் அடிவாரத்தில் மதுரை காமராசர் பல்கலைக் கழகம் தென்படும். 1966-ஆம் ஆண்டில் மதுரைப் பல்கலைக் கழகமாகத் தோன்றி, 1978-இல் காமராசரின் பெயரைத் தாங்கிய கல்விக்கூடம் அது. குடலில் வாழும் சிற்றுயிர் ஒன்றுக்குப் புதுத் தொழில் கற்பித்து, அதனைக் கொண்டே நோயைத் தடுக்க இயலுமா என்னும் வினாவுக்கு அங்கே சிலர் விடை தேடினார்கள். அந்த முயற்சியின் வரலாற்றை மாணவ நண்பர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

உடலுக்கு நன்மை செய்யும் கிருமியும் உண்டு என்பது தயிருண்டு வளர்ந்த நமக்குப் புதுமையன்று. ஆயினும் அக்கருத்தை விஞ்ஞான அரங்கில் முழக்கியவர், பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய மெச்னிகாவ் என்னும் ரஷ்ய அறிஞர். புளித்த பாலிலுள்ள கிருமிகள் முதுமையைத் தள்ளிப்போடும் என்று 1907-இல் அவர் எழுதினார். அதில் மிகை உண்டு. ஆனால் அவர் காட்டிய திசை தவறன்று. முதல் உலகப் போரின்போது, உடனிருந்தோர் சீதபேதியால் வாட, தான் மட்டும் நலமாயிருந்த போர்வீரன் ஒருவனிடமிருந்து ஆல்பிரட் நிஸில் என்னும் ஜெர்மானிய மருத்துவர் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். 1917 என்னும் ஆண்டு இன்றளவும் அக்கிருமியின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெருங்குடலில் புண்ணும் அழற்சியும் தணிந்தபின், அவை மீண்டும் தலைதூக்காவண்ணம் காக்க அது மருந்தாக அளிக்கப்படுகிறது.

இயற்கை தந்த கிருமியை அப்படியே உட்கொள்வது ஒன்று. அதன் மரபணுவையே மாற்றியமைப்பது மற்றொன்று. பெல்ஜியம் நாட்டுக் கெண்ட் நகரில் லோதர் ஸ்டைட்லரும் அவருடைய தோழர்களும் இரண்டாவது வழியை மேற்கொண்டார்கள். பாலாடைக்கட்டி செய்யப் பயன்படும் கிருமியொன்றில், அழற்சியைத் தணிக்கும் ‘இன்டர்லூக்கின்-10’ என்னும் புரதத்தின் மரபணுவை அவர்கள் புகுத்தினார்கள். அக்கிருமியை உண்ட சுண்டெலிகளின் குடல் அழற்சி தணிந்தது என்ற செய்தி 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மருந்தை உடலெங்கும் செலுத்தாமல், புண்ணுள்ள இடத்திலேயே அதைச் சுரக்கச் செய்யலாம் என்பதே அதன் சிறப்பு.

இனி நம் ஊருக்கு வருவோம். கோடையில் வையை மணலாய்க் கிடக்கும் இச்சமவெளியில், உச்சி வெயிலில் வயலில் நிற்பவனின் உடல்நீர் பெரும்பாலும் வியர்வையாகவே போய்விடுகிறது. சிறுநீர் சுண்டுகிறது, அதிலுள்ள ஆக்ஸலேட் என்னும் உப்பு கால்சியத்தோடு கூடிக் கல்லாகிறது. அந்த நோவைக் கண்டவர் எவரும் அதனை எளிய நோய் என்று சொல்லமாட்டார். பசலைக்கீரை, எள், முந்திரிப்பருப்பு, தேநீர் ஆகியவற்றில் ஆக்ஸலேட் மிகுதி. அதைச் சிதைக்கும் ஆற்றல் மனித உடலுக்கு இல்லை.

குடல் அழற்சிக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் தொடர்பு என்ன என்று நீங்கள் கேட்கலாம். மிக நெருங்கிய தொடர்பே உண்டு. சிறுகுடலின் கடைப்பகுதியைத் தாக்கும் கிரோன் நோயில் கொழுப்புச் சரிவரச் செரிப்பதில்லை. எஞ்சிய கொழுப்பு கால்சியத்தைக் கவர்ந்துகொள்ள, துணையிழந்த ஆக்ஸலேட் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைகிறது. ஆகவே குடல் நோயாளர் பலர் கல் நோய்க்கும் ஆளாகின்றனர்.

ஆக்ஸலேட்டையே உணவாகக் கொள்ளும் கிருமி ஒன்று குடலில் இயல்பாகவே உண்டு. 1985-இல் அதற்கு ‘ஆக்ஸலோபாக்டர்’ என்று பெயரிட்டார்கள். ஆனால் அது காற்றுப் பட்டால் மடியும். கிருமிக்கொல்லி மருந்துகள் பலவற்றுக்கு ஆற்றாது. அதனினும் உறுதியான உயிரைத் தேடிய மதுரைப் பல்கலைக் கழகத்து ஜி. எஸ். செல்வம் குழுவினர், புளித்த காய்கறிகளில் வளரும் ‘லாக்டோபாசிலஸ் பிளாண்டாரம்’ என்னும் கிருமியைத் தெரிந்தெடுத்தார்கள். மண்ணிலும் வைக்கோலிலும் வாழும் வேறொரு கிருமியிடம், ஆக்ஸலேட்டைச் சிதைக்கும் நொதியின் மரபணு இருக்கிறது. அதை எடுத்து இதில் பொருத்தினார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். நொதி கிருமியின் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தால், வெளியே குடலிலுள்ள ஆக்ஸலேட்டுக்கு அது எட்டாது. ஆகையால், கடித உறையின்மேல் விலாசம் எழுதுவதுபோல, ‘இது வெளியே அனுப்பத்தக்கது’ என்று அறிவிக்கும் ஒரு சிறு தொடரை நொதியின் தலைப்பில் சேர்த்தார்கள். அத்தொடரையும் அதே கிருமியின் சொந்தப் புரதங்களிலிருந்தே எடுத்தார்கள். 2013-இல் நொதி வெளியே சுரந்தது, செயலும் புரிந்தது. என் கணிப்பில் இவ்வரலாற்றின் நடுநாயகமான படி இதுவே.

பின்னர் வெள்ளெலிகளுக்கு 28 நாட்கள் 5 சதவீதம் பொட்டாசியம் ஆக்ஸலேட் கலந்த உணவு தந்து, 15-ஆம் நாள் முதல் இக்கிருமியையும் ஊட்டினார்கள். அவற்றின் சிறுநீரில் ஆக்ஸலேட் குறைந்தது. சிறுநீரகத்தில் கல் படிவது தடைப்பட்டது. இது 2014-ஆம் ஆண்டுச் செய்தி. 2018-இல் மற்றொரு படி ஏறினார்கள். மரபணுவைக் கிருமியின் குரோமோசோமிலேயே பதித்து, உணவுத்தரம் வாய்ந்ததாக அதை ஆக்கினார்கள்.

எனினும் எலி வேறு, மனிதன் வேறு. கெண்ட் நகரத்தார் 2003-இலேயே, குடலுக்கு வெளியே வாழ இயலாதபடி தம் கிருமியை முடமாக்கிவிட்டனர். கிரோன் நோயாளர் பத்துப்பேரிடம் நடந்த முதற் சோதனை 2006-இல் வெளியாகி நம்பிக்கை ஊட்டியது. ஆனால் பெருங்குடல் நோயாளரிடம் பின்னர் நடந்த பெரிய சோதனையில், அது வெற்று மருந்தைவிட மேலானதாக விளங்கவில்லை என்று 2009-இல் தெரிந்தது.

ஆக்ஸலேட்டை அழிக்கும் கிருமியை மனிதர்க்கே அளித்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2025-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. அவர்களுடைய கிருமி வேறு இனம். கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஒருவகை மாவுப்பொருளைக் கொடுத்தால் தங்கும், நிறுத்தினால் மறையும் என்பது அவர்களுடைய ஏற்பாடு. பலரிடம் அவ்வாறே நிகழ்ந்தது. சிலருடைய குடலிலோ அது மரபுமாற்றம் அடைந்து, அவ்வுணவு நின்ற பிறகும் வெளியேற மறுத்து வாழ்ந்துகொண்டிருந்தது.