காத்திருப்பின் செலவு: சிறு விமான நிலையங்களில் தீயணைப்புப் பணிக்கான நிதி

ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ளது சேலம் விமான நிலையம். மத்திய அரசின் வட்டார விமான இணைப்புத் திட்டமான உதானின்கீழ் 2018 மார்ச்சில் அங்கிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியது. 2021இல் சேவை நின்றது. 2023 அக்டோபரில் வேறு நிறுவனங்களின் விமானங்கள் வந்தன. இப்படி வந்து வந்து போகும் சேவையை நம்பியிருக்கும் நிலையத்தில் தீயணைப்பு, மீட்புப் பணிக்கு ஆகும் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது? இன்று உதான் திட்டம் அதை மாநில அரசின் இலவசக் கடமையாக வைத்திருக்கிறது. வட்டார விமான இணைப்பு நிதியே அதை ஏற்க வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் தரஅளவைப் பார்ப்போம். பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14ஆம் பின்னிணைப்பு, விமானத்தின் நீளத்தையும் உடற்பகுதியின் அகலத்தையும் கொண்டு நிலையங்களைப் பத்து வகைகளாகப் பிரிக்கிறது. பயணிகளின் எண்ணிக்கைக்கு அதில் இடமில்லை. சேலத்துக்கு வரும் ஏடிஆர் 72 சுமார் 27 மீட்டர் நீளமுள்ளது. ஆகவே ஐந்தாம் வகை. அதற்கு ஒரு தீயணைப்பு வண்டியும், பி தர நுரையைப் பயன்படுத்தினால் 5,400 லிட்டர் நீரும் வேண்டும். ஓடுதளத்தின் கடைக்கோடிக்கும் வண்டி மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். நகரத் தீயணைப்பு நிலையத்தை நம்பினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இந்த மூன்று நிமிடமே பதில். சேலம் நகரிலிருந்து புறப்படும் வண்டி அதற்குள் காமலாபுரத்தை எட்டாது.

அதே பின்னிணைப்பில் ஒரு சலுகையும் உண்டு. நிலையத்துக்கு வழக்கமாக வரும் மிகப் பெரிய வகை விமானங்களின் வரவும் புறப்பாடும், நெருக்கடி மிகுந்த மூன்று மாதங்களில் 700க்குக் குறைவாக இருந்தால் ஒரு வகை இறங்கிக்கொள்ளலாம். ஒரு வரவும் ஒரு புறப்பாடும் சேர்ந்தால் இரண்டு என்பதால், நாளொன்றுக்கு நான்கு விமானங்களுக்கும் குறைவாக வந்துபோகும் நிலையம் இச்சலுகைக்குள் வந்துவிடும். நான்காம் வகைக்குத் தேவைப்படும் நீர் 2,400 லிட்டர், பாதிக்கும் குறைவு. விமானத்தின் எரிபொருளோ உள்ளே இருக்கும் எழுபது பேரோ அதனால் குறைவதில்லை. சலுகை சட்டப்படி சரி. ஆனால் நிதி இல்லாத நிலையம் தேவையை ஆராயாமலே அதை நாடும் என்பதுதான் கவலைக்குரியது.

இச்செலவின் இயல்பே வேறு. வண்டி ஒருமுறை வாங்குவது; பணியாளரின் ஊதியம் மாதந்தோறும் வருவது. ஒரு ஷிப்டில் ஒரே ஒரு பணியிடத்தை ஆண்டு முழுவதும் நிரப்ப வேண்டுமானாலும், வார விடுப்பு, மருத்துவ விடுப்பு, பயிற்சி நாட்கள் போக ஒருவர் போதமாட்டார். தீப்பயிற்சியும் தொடர்ந்து நடக்க வேண்டும். ஒரு நாளில் இரண்டு விமானம் வந்தாலும் இருபது வந்தாலும் அந்த ஷிப்டுக்கான குழு ஒன்றுதான். எனவே பயணிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தால், குறைவாகப் பயணிகள் வரும் ஊரே அதிகக் கட்டணம் கட்டும். அமெரிக்காவிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே கூட்டரசின் விமான நிலைய மேம்பாட்டு மானியத்தில் தீயணைப்பு வண்டி வாங்கலாம். அதை ஓட்டுபவருக்கு ஊதியம் தர முடியாது.

உதானின் கணக்கு இதைவிடக் கடினமானது. திட்ட விமானங்களுக்கு நிலையம் தரையிறங்கு கட்டணமோ நிறுத்தக் கட்டணமோ வாங்குவதில்லை. இருக்கை விலைக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள இடைவெளியை ஈடுகட்டும் தொகை விமான நிறுவனத்துக்குப் போகிறது. அதில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் பங்கு 20 விழுக்காடு. எஞ்சியது, முக்கிய வழித்தட விமானங்களின் மீதான தீர்வையால் திரளும் வட்டார நிதியிலிருந்து வருகிறது. தீயணைப்போ காவலோ அந்த நிதியின் பொறுப்பில் இல்லை. மாநிலம் அவற்றை இலவசமாகத் தர வேண்டும். காலி இருக்கைக்குப் பொதுநிதி இருக்கிறது. நுரைத் திரவத்துக்கு இல்லை. இந்த வரிசை தலைகீழானது.

மாநிலத் தீயணைப்புத் துறையே ஆளனுப்பட்டுமே என்பது வலுவான மறுப்பு. ஆனால் அந்தத் துறை குடிசை வீட்டுத் தீக்கும் கிணற்றில் விழுந்தவர்களை மீட்பதற்கும் ஆள் ஒதுக்கியாக வேண்டும். நிலையத்துக்கென நிற்கும் குழுவை ஊர்த் தீக்கு அனுப்பினால், அது திரும்பும்வரை நிலையத்தின் வகை இறங்கிவிடும். விமானம் இல்லாத காலத்தில் குழுவைக் கலைத்துவிடலாம் என்ற யோசனையும் நிற்காது. வண்டியைக் கொட்டகையில் பூட்டி வைக்கலாம். பயிற்சியை அப்படிப் பூட்டி வைக்க முடியாது. சேலத்தைப் போல இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் சேவை தொடங்கும் நிலையத்தில், முதல் விமானம் இறங்கும் நாளிலேயே குழு முழுத் தகுதியோடு நிற்க வேண்டும்.

பெருநகரப் பயணி இதற்கு ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்கலாம். அவர் ஏற்கெனவே தந்துகொண்டுதான் இருக்கிறார். நான் கேட்பது புதிய தீர்வை அன்று. இருக்கும் நிதியில் முதல் உரிமை மாறுவது மட்டுமே. வட்டார நிதியிலிருந்து ஒவ்வொரு சிறு நிலையத்துக்கும் அதன் தீயணைப்பு வகைக்கேற்ப ஆண்டுதோறும் நிலையான தயார்நிலைத் தொகை முதலில் ஒதுக்கப்பட வேண்டும். பயணி எண்ணிக்கையோ சேவை இடைநிற்பதோ அதைக் குறைக்கக் கூடாது. இருக்கைகளுக்கான ஈட்டுத்தொகை அதற்கு அடுத்ததாகவே வர வேண்டும். வேலூரும் நெய்வேலியும் உதான் பட்டியலில் இடம்பெற்ற நிலையங்கள். அவற்றுக்கான ஒதுக்கீட்டையேனும் மத்திய, மாநில அரசுகள் இந்த வரிசையில் எழுத வேண்டும்.