'ஆல்ஃபா' பிறந்த கதை

"அண்ணாச்சி, யாரு பெரியவன்னு நாய்க்கு ஒருதடவ காட்டிரணும். கழுத்தப் புடிச்சு மல்லாக்கப் போட்டு அமுக்குங்க. அதுக்குப் பொறவு பொட்டிப் பாம்பா கெடக்கும்."

பனவடலிசத்திரத்தில் சித்தப்பா வீட்டு வேப்பமரத்தடியில் நடந்த பேச்சு இது. சொன்னவர் நாய் பழக்குவதில் பேரெடுத்தவர். பேச்சுக்குக் காரணம், கட்டிக்கிடந்த ராஜபாளையம். பால்வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, நின்றால் இடுப்புக்குக் கிட்ட வரும் உயரம். வட்டிலில் கறிச்சோறு இருக்கும்போது யாராவது குனிந்தால் போதும். மெல்லுவது நின்றுவிடும், முதுகு விறைக்கும், கண்ணோரம் வெள்ளை தெரியும், பிறகு அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல். "ஆல்ஃபா ஆகப் பாக்குது" என்றார் அவர்.

அந்தச் சொல் ராஜபாளையத்தில் பிறந்ததில்லை, பக்கத்துச் சிப்பிப்பாறையிலும் பிறந்ததில்லை. கதையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் கோழிக்கூட்டில் போய் நிற்கிறது.

நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டரூப்-எப்பே சின்ன வயதிலிருந்தே கோழிகளை வேடிக்கை பார்த்துக் குறித்துவைத்தவர். எந்தக் கோழி எதைக் கொத்தும், எது பதிலுக்குக் கொத்தாமல் ஒதுங்கும் என்று பார்த்து, அதில் ஒரு வரிசை இருப்பதாக 1921-இல் எழுதினார். புதுக்கோழியைக் கூட்டத்தில் விட்டுப் பார்த்த எங்கள் சித்திக்கு இது தெரியாத சங்கதி இல்லை. ஆனால் உலகம் அந்த வரிசையை எல்லா மிருகத்துக்கும் மாட்டிப் பார்க்கத் தொடங்கியது.

1947-இல் ஓநாய்க்கு வந்தது முறை. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையில் ஓநாய்களைக் கவனித்து எழுதினார். 10 மீட்டருக்கு 20 மீட்டர் அடைப்பு; அதற்குள் 10 ஓநாய்கள் வரை. ஒரு கல்யாண மண்டபத்துப் பந்திக்கூடம் அளவு இடம். ஓடிப்போக வழியில்லாமல் அடைத்துவைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? அந்தச் சண்டையில் மேலே வந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் 'ஆல்ஃபா' என்ற பேர் ஒட்டிக்கொண்டது.

அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் ஓநாயைப் பற்றி எழுதிய புத்தகம் அந்தப் பேரை ஊரெங்கும் கொண்டுபோனது. 1978-இல், நியூயார்க் மாநிலத்தில் ஜெர்மன் ஷெப்பர்டு வளர்த்த நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் எழுதிய நாய்ப் பயிற்சிப் புத்தகத்தில் மல்லாக்கப் போட்டு அமுக்கும் வித்தை இருந்தது. வேப்பமரத்தடி யோசனையின் பூர்வீகம் அதுதான்.

இனிதான் கதையே. 1986 முதல் மெக், கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் தங்கிக் காட்டு ஓநாய்களைப் பக்கத்திலிருந்து பார்த்தார். அங்கே அரியணையும் இல்லை, அடிதடியும் இல்லை. அப்பா, அம்மா, பிள்ளைகள் என ஒரு குடும்பம் மட்டுமே. பெற்றவர்கள் நடத்தினார்கள், பிள்ளைகள் பின்னால் போனார்கள். 'ஆல்ஃபா' என்ற சொல் இங்கே பொருந்தாது என்று 1999-இல் அவரே எழுதினார். தன் பழைய புத்தகத்தை நிறுத்தச் சொல்லிப் பதிப்பகத்தோடு மல்லுக்கட்டினார், 2022-இல்தான் நின்றது. துறவிகளும் 2002 பதிப்பில் அந்த வித்தையைக் கைவிடச் சொன்னார்கள். தன் வாயால் பரப்பியதைத் தன் கையாலேயே அழிக்க முனைந்தவர்களை எனக்குப் பிடிக்கும்.

நாய்களுக்குள் முன்பின் பார்ப்பது உண்டு, மறுக்கவில்லை. அதற்காக நம் வீட்டு ஆட்சியைப் பிடிக்கத் திட்டம் போடுகிறது என்று அர்த்தமில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 140 நாய் வளர்ப்பவர்களிடம் விசாரித்து 2009-இல் எழுதினார்கள்: மல்லாக்கப் போட்டுப் பார்த்தவர்களில் 31 சதவீதம் பேரிடம் நாய் சீறித் திரும்பியிருக்கிறது. உறுமலை அடித்து அடக்கினால் இன்னொரு ஆபத்து. உறுமுவதை விட்டுவிட்டு நேரே கடிக்கும்.

வட்டில் பக்கம் வந்தால் உறுமும் புத்தி எங்கள் ராஜபாளையத்துக்கு எங்கிருந்து வந்தது? குட்டியாக இருந்தபோது, "பழகட்டும்" என்று தின்னும்போதே வட்டிலைப் பிடுங்கியது சித்தப்பாதான். அதையும் யாரோ சொல்லிக்கொடுத்ததுதான்.

காதிலோ பல்லிலோ வலி இருக்குமோ என்று முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். அப்புறம் சித்தப்பா, நாய் உறுமாத தூரத்தில் நின்று வட்டில் பக்கம் ஓர் ஈரல் துண்டை எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. தூரம் நாளுக்கு ஓர் அடி, அரை அடி என்று குறைந்தது. ஒன்றரை மாதம் கழித்து நான் போனபோது, சோற்றில் வாய் வைத்திருந்த நாய் அவர் வருவதைப் பார்த்து மெல்லுவதை நிறுத்தியது. எனக்குத் திக்கென்றது. அது அவர் கையைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.